இது எந்தக் கிருமி? ஆய்வகங்கள் தந்த விடைகளும் அவற்றின் ஓட்டைகளும்

1911ஆம் ஆண்டு. ரங்கூன் பொது மருத்துவமனையின் பிணவறையில் மருத்துவர் ஆல்ஃபிரட் விட்மோரும் அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசாமியும் ஒரு புதிரை எதிர்கொண்டார்கள். இறந்தவர்களின் நுரையீரலில் பாலாடைக்கட்டி போல் கெட்டித்துப்போன திட்டுகள். கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகள். பலர் மார்ஃபின் ஊசிக்கு அடிமையான ஏழைகள். சீழிலிருந்து எடுத்து வளர்த்த கிருமி, குதிரைகளைத் தாக்கும் கிளாண்டர்ஸ் நோயின் கிருமியை அச்சாக ஒத்திருந்தது. கினியா பன்றிகளுக்குச் செலுத்திப் பார்த்தபோதும் கிளாண்டர்ஸில் காண்பது போன்ற வீக்கமே வந்தது. ஆனால் இறந்தவர்களுக்குக் குதிரைகளோடு தொடர்பு இருந்ததாகத் தெரியவில்லை.

இருவரும் இரண்டு வேறுபாடுகளைக் கவனித்தார்கள். கிளாண்டர்ஸ் கிருமி அசையாது. இது நுண்ணோக்கியின் கீழ் நீந்தியது. அது நிதானமாக வளரும். இதுவோ பெப்டோன் அகாரில் மளமளவென்று அடர்த்தியாகப் படர்ந்தது. ஆகவே இது வேறு கிருமி என்று முடிவுகட்டி, 1912இல் வெளியிட்டார்கள். பின்னாளில் மெலியாய்டோசிஸ் என்று பெயர்பெற்ற நோயின் முதல் விவரிப்பு அதுவே.

இரண்டு குணங்கள் மாறினால் இனமே மாறிவிடுமா? எத்தனை குணங்கள் மாற வேண்டும்? எந்தக் குணத்துக்கு எவ்வளவு மதிப்பு? பாக்டீரியாவுக்கு ஆய்வகத்தில் பெயர் சொல்லும் முறைகள் எல்லாம் இந்தக் கேள்விகளுக்குச் சொல்லப்பட்ட வெவ்வேறு விடைகள்தாம். அந்த விடைகள் எங்கிருந்து வந்தன, எங்கே இடறுகின்றன என்று பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். ரங்கூன் கிருமியை உரைகல்லாக வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மண்ணில் வாழ்ந்து, மழைக்காலத்தில் தலைதூக்கி, சர்க்கரை நோயாளிகளைக் குறிவைக்கும் அந்தக் கிருமி, ஆய்வகங்களை ஏமாற்றுவதில் பேர்போனது.

உருவத்தை நம்பிய காலம்

பாக்டீரியாவில் நிலையான இனங்கள் உண்டா என்பதே பத்தொன்பதாம் நூற்றாண்டில் சர்ச்சையாக இருந்தது. ஃபெர்டினாண்ட் கோன் உண்டு என்றார். 1872இல் உருண்டை, கோல், சுருள் என்று உருவத்தை அடிப்படையாக வைத்து வகைப்படுத்தினார். கார்ல் நேகெலி உள்ளிட்ட எதிரணியினர், ஒரே உயிர்தான் சூழலுக்கு ஏற்ப உருமாறுகிறது என்று வாதிட்டார்கள். இந்த வழக்கைத் தீர்த்தது வாதத்தைவிடச் செய்முறைதான். ராபர்ட் கோக் கிருமிகளைக் கெட்டியான பரப்பில் வளர்க்கத் தொடங்கினார்: முதலில் வெட்டிய உருளைக்கிழங்கு, பிறகு ஜெலட்டின். ஜெலட்டின் வெயிலில் உருகியது. சில கிருமிகள் அதைத் தின்றே கரைத்தன. அவருடைய ஆய்வகத்தில் பணிபுரிந்த வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, தம் சமையலறையில் ஜெல்லி செய்யப் பயன்பட்ட கடற்பாசிப் பொருளான அகாரைச் சொல்லிக்கொடுத்தார். 1887இல் யூலியஸ் பெட்ரியின் மூடியிட்ட தட்டும் வந்து சேர்ந்தது. தனியாகப் பிரிந்து வளர்ந்த ஒரு காலனி ஒரே தாய்க்கிருமியின் வாரிசுகள் என்று கொள்ள முடிந்தபோது, கலப்புக் கிருமிகளைப் பார்த்து உருமாற்றம் என்று எண்ணியவர்களின் கட்சி வலுவிழந்தது.

ஆனால் உருவம் மிகக் குறைவாகவே பேசும். கோல் வடிவத்தில் ஆயிரக்கணக்கான இனங்கள் உண்டு. இங்கே உதவிக்கு வந்தது சாயம். 1884இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் பெர்லினில் இருந்தபோது, நுரையீரல் திசுவில் கிருமிகளைப் பளிச்சென்று காட்ட ஒரு வழி தேடினார். ஊதாச் சாயம், அயோடின், பிறகு ஆல்கஹால். சில கிருமிகள் ஊதாவைப் பிடித்துக்கொண்டன, சில கழுவப்பட்டுப் போயின. டைஃபாய்டு கிருமி நிறத்தை இழந்ததை கிராம் தம் முறையின் குறையாகவே கருதினார். அந்தக் 'குறை'தான் இன்று உலகெங்கும் ஒவ்வொரு ஆய்வகத்திலும் முதல் பிரிகோடு. தடித்த செல்சுவர் உடையவை ஊதா; மெல்லிய சுவரும் வெளிச்சவ்வும் உடையவை, பின்னர் ஏற்றப்படும் சாயத்தால் இளஞ்சிவப்பு.

ரங்கூன் கிருமியைக் கிராம் சாயத்தில் பார்த்தால், இளஞ்சிவப்புக் கோலின் இரண்டு முனைகளும் அடர்ந்து நடு வெளிறி, ஊக்குப் போல் தெரியும். அனுபவசாலி இதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்காருவார். ஆனால் பிளேக் கிருமியும் இதே கோலத்தைக் காட்டும். சாயம் சந்தேகத்தைக் கிளப்பும். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

என்ன தின்கிறாய், எதை விடுகிறாய்?

அடுத்த விடை: கிருமியின் தோற்றத்தை விட்டுவிட்டு அதன் ஆகாரப் பழக்கத்தை விசாரி. 1905இல் ஆல்ஃபிரட் மெக்கான்கி முழு வடிவம் கொடுத்த அகார் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் பித்த உப்பு இருக்கிறது. குடலில் வாழப் பழகாத பல கிருமிகளை அது தடுத்துவிடும். லாக்டோஸ் இருக்கிறது, அதைப் புளிக்கவைக்கும் கிருமி அமிலத்தை விடும். அமிலம் பட்டால் சிவக்கும் நிறங்காட்டியும் இருக்கிறது. மறுநாள் காலையில் தட்டைத் திறந்தால் ஈ. கோலை இளஞ்சிவப்பாக, சால்மொனெல்லா நிறமற்றதாகக் கிடக்கும். பொறுக்கலும் விசாரணையும் ஒரே தட்டில் நடந்து முடிகின்றன.

இதன்மேல் எழுந்ததே உயிர்வேதிச் சோதனைகளின் நீண்ட வரிசை. கேட்டலேஸ் உண்டா என்று பார்க்க ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு; குமிழ் வந்தால் உண்டு. ஆக்சிடேஸுக்கு ஒரு காகிதத் துண்டு. இண்டோல், மெத்தில் ரெட், வோகஸ்-புரோஸ்காயர், சிட்ரேட் என்ற நான்கும் மருத்துவ நுண்ணுயிரியல் மாணவர்கள் தூக்கத்திலும் ஒப்பிக்கும் வாய்ப்பாடு. முதல் இரண்டும் ஆம், பின் இரண்டும் இல்லை என்றால் ஈ. கோலை, கிளெப்சியெல்லா பெரும்பாலும் இதற்கு நேர்மாறு.

எந்தச் சோதனைக்கு அதிக மதிப்பு என்று யார் தீர்மானிப்பது? 1957இல் பீட்டர் ஸ்னீத் சொன்ன யோசனை துணிச்சலானது: எல்லாக் குணங்களுக்கும் சம மதிப்பு கொடு, ஒற்றுமையை எண்ணிப் பார், கணினியிடம் விடு. இந்த எண்ணியல் வகைப்பாட்டின் வணிக வாரிசுகளே 1970கள் முதல் ஆய்வகங்களுக்கு வந்த ஏபிஐ பட்டைகள். ஒரு பிளாஸ்டிக் பட்டையில் இருபது குட்டிக் குப்பிகள், இருபது சோதனைகள். நிறமாற்றங்களை மும்மூன்றாகக் கூட்டி ஏழு இலக்க எண்ணாக்கினால், கையேட்டில் அந்த எண்ணுக்கு நேரே பெயர் இருக்கும். பின்னர் வந்த தானியங்கிக் கருவிகள் இதையே அட்டைகளில் வேகமாகச் செய்கின்றன.

இம்முறையின் பலவீனம் கையேட்டிலேயே இருக்கிறது. குணங்கள் ஒரே இனத்துக்குள்ளும் மாறும். அதைவிட, கையேட்டில் இல்லாத, அல்லது அரைகுறையாக இடம்பெற்ற கிருமி வந்தால் பட்டை "தெரியாது" என்று சொல்வதற்குப் பதிலாக, பக்கத்து வீட்டுக்காரரின் பெயரைச் சொல்லிவிடலாம். மெலியாய்டோசிஸ் கிருமியைப் பட்டைகளும் தானியங்கிகளும் பர்க்கோல்டேரியா செபேசியா என்றும் குரோமோபாக்டீரியம் என்றும் அறிவித்த நேர்வுகள் ஆய்விதழ்களில் பதிவாகியுள்ளன. இதனால்தான் வெப்பமண்டல ஆய்வகங்கள் ஒரு எளிய உபாயத்தைக் கைக்கொண்டன: மூன்று மருந்து வில்லைகள். ஆக்சிடேஸ் ஆம் என்னும் கிராம்-நெகட்டிவ் கோல், ஜென்டாமைசினுக்கும் கோலிஸ்டினுக்கும் அடங்காமல் கோ-அமாக்சிக்ளாவுக்கு அடங்கினால், மெலியாய்டோசிஸ் என்று சந்தேகி.

அழகான உபாயம். ஆனால் போர்னியோவின் சரவாக் பகுதியில் ஜென்டாமைசினுக்கு அடங்கும் திரிபுகள் பரவலாக இருப்பது பின்னர் தெரியவந்தது. இந்தக் கிருமியைப் பொறுக்கி எடுப்பதற்கென்றே உருவாக்கிய ஆஷ்டவுன் அகாரில் ஜென்டாமைசின் சேர்ப்பது வழக்கம். அப்படியானால் அந்தத் திரிபுகள், தங்களைத் தேடுவதற்காகவே தயாரித்த தட்டில் முளைக்கவே முளைக்காது.

எதிர்ப்பொருளின் சாட்சி

நம் உடல் ஒரு கிருமியின் மேற்பரப்பை அடையாளம் கண்டு எதிர்ப்பொருள் உண்டாக்குகிறது. அந்த எதிர்ப்பொருள் கொண்ட சீரத்தை ஸ்லைடில் ஒரு சொட்டு விட்டு, காலனியைத் தொட்டுக் குழைத்தால், பொருத்தமான கிருமி திரிதிரியாகத் திரண்டுவிடும். 1933இல் ரெபேக்கா லான்ஸ்ஃபீல்ட் ஸ்ட்ரெப்டோகாக்கஸ்களைச் சீரத்தைக் கொண்டு குழுக்களாகப் பிரித்தார். காஃப்மன்-வைட் திட்டம் சால்மொனெல்லாவை 2,500க்கும் மேற்பட்ட சீர வகைகளாகப் பிரித்தது. அவற்றை ஒரு காலத்தில் தனித்தனி இனங்கள் போலவே பெயரிட்டு வந்தார்கள். இன்று அந்தப் பெரும்பட்டாளம் முழுவதும் இரண்டே இனங்களுக்குள் அடக்கப்பட்டிருக்கிறது.

சீரத்தின் மீது வைத்த நம்பிக்கைக்கு அடி விழுந்த இடம் சென்னை. காலராக் கொள்ளைநோயை உண்டாக்குவது விப்ரியோ காலரேயின் ஓ1 வகை மட்டுமே என்று அப்போது கருதினார்கள். ஓ1 சீரத்தில் திரளாதவை கொள்ளைநோய் உண்டாக்காதவை என்பதே அன்றைய பாடம். 1992இன் பிற்பகுதியில் அன்றைய மெட்ராஸிலும் தென்னிந்தியாவின் வேறு இடங்களிலும் சாட்சாத் காலராவாகவே நோய் பரவியது. ஆனால் கிருமி ஓ1 சீரத்தில் திரளவில்லை. அதுவரை அறிந்திருந்த 138 வகைச் சீரங்களில் எதிலும் திரளவில்லை. அது ஓ139 ஆயிற்று. அடுத்த சில மாதங்களில் கல்கத்தாவுக்கும் வங்கதேசத்துக்கும் பரவியது. பழைய காலராவுக்கு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்த பெரியவர்களையும் அது வீழ்த்தியது. பின்னர் ஆராய்ந்தபோது, பழைய எல் டோர் காலராக் கிருமியே மேற்சட்டையை மாற்றிக்கொண்டு வந்திருந்தது தெரிந்தது. மேற்பரப்பைக் கொண்டு இனத்தையோ ஆபத்தையோ அளக்கும் எந்த முறைக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

மரபணுவிடம் கேட்பது

குணங்கள் மாறும், சட்டைகள் மாறும். மாறாத ஒன்று வேண்டும் என்ற தேடல் டிஎன்ஏவில் போய் நின்றது. முதலில் செய்தது நேரடி ஒப்பீடு: இரண்டு கிருமிகளின் டிஎன்ஏ இழைகளைப் பிரித்து, கலந்து, எவ்வளவு ஒட்டிக்கொள்கின்றன என்று அளந்தார்கள். 1987இல் ஒரு பன்னாட்டு வல்லுநர் குழு சுமார் 70 சதவீத ஒட்டுதலை இன எல்லையாகப் பரிந்துரைத்தது. அந்த 70 இயற்கையிலிருந்து வந்ததன்று. ஏற்கெனவே இனங்கள் என்று ஒப்புக்கொண்டவற்றுக்குப் பொருந்தும்படி தேர்ந்த எண். இந்த அளவுகோலால் அளந்தால் மனிதனும் சிம்பன்சியும் ஒரே இனமாகிவிடுவார்கள் என்பதை நினைவில் வைப்பது நல்லது.

1977இல் கார்ல் வூஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் வேறு பாதை காட்டினார்கள். புரதம் தயாரிக்கும் ரைபோசோம் எல்லா உயிர்களுக்கும் உண்டு; அதன் ஒரு கூறுக்கான 16எஸ் மரபணு சுமார் 1,500 எழுத்து நீளம்; சில பகுதிகள் மாறவே மாறாமல், சில பகுதிகள் இனத்துக்கு இனம் மாறி இருக்கும். மாறாத பகுதியில் பிடித்து, மாறும் பகுதியைப் படித்துவிடலாம். கிருமியை வளர்க்கவும் தேவையில்லை. விப்பிள் நோய் 1907இலேயே விவரிக்கப்பட்டது. திசுவில் கோல்கள் தெரிந்தன, தட்டில் எதுவும் வளரவில்லை. 1992இல் 16எஸ் வழியாக அந்தக் கிருமி எந்தக் குடும்பம் என்று தெரிந்தது. வளர்ப்பில் அது பிடிபட்டது 2000இல்.

ஆனால் 16எஸ் மெதுவாக நடக்கும் கடிகாரம். அண்மையில் பிரிந்த உறவினரிடையே அதில் வேறுபாடே இருக்காது. ஆந்த்ராக்ஸ் கிருமி, கெட்டுப்போன சோற்றில் வாந்தியை உண்டாக்கும் பேசில்லஸ் சீரியஸ், பூச்சிகளைக் கொல்லும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் ஆகிய மூன்றும் 16எஸ் கணக்கில் கிட்டத்தட்ட ஒன்றே. மூன்றாவதை நம் பருத்தி விவசாயிகள் பிடி என்ற பெயரில் அறிவார்கள். ஆந்த்ராக்ஸைக் கொலைகாரனாக்கும் நஞ்சும் உறையும் இரண்டு பிளாஸ்மிடுகளில் (தனி டிஎன்ஏ வளையங்களில்) இருக்கின்றன. துரிஞ்சியென்சிஸின் பூச்சிக்கொல்லிப் படிகமும் பெரும்பாலும் அப்படியே. பிளாஸ்மிடு ஒரு கைமாற்றுப் பொருள். அதை வைத்து இனப்பெயர் சூட்டுவது, கையில் இருக்கும் பையைப் பார்த்துக் குலம் சொல்வது போலத்தான்.

குறிப்பிட்ட ஒரு டிஎன்ஏ துண்டைப் பெருக்கிக் காட்டும் பிசிஆர், கேள்வியைக் குறுக்கிக்கொண்டு வெற்றி பெற்றது. "இது எது?" என்று கேட்காமல், "இது காசநோய்க் கிருமியா?" என்று மட்டும் கேட்டது. லோவன்ஸ்டைன்-ஜென்சன் ஊடகத்தில் எட்டு வாரம் வரை காத்திருந்த விடையை, உலக சுகாதார நிறுவனம் 2010இல் பரிந்துரைத்த ஜீன்எக்ஸ்பர்ட் இரண்டு மணி நேரத்துக்குள் தந்தது, ரிஃபாம்பிசின் எதிர்ப்பு உண்டா என்ற செய்தியோடு. இந்தியாவில் உருவான ட்ரூநாட் கருவி இதைச் சிற்றூர் மையங்களுக்கும் கொண்டுபோனது. எனினும் செத்த கிருமியின் டிஎன்ஏவும் ஆம் என்றே சொல்லும். சிகிச்சை முடித்தவரிடம் இந்தச் சோதனையின் முடிவைப் பொருள்கொள்வது கடினம். கேட்காத கேள்விக்கு அது பதிலும் சொல்லாது. காசநோய் என்று சந்தேகித்து அனுப்பிய சளியில் மெலியாய்டோசிஸ் இருந்தால், முடிவு "காசநோய் இல்லை" என்று மட்டுமே வரும்.

எடைபோட்டுப் பெயர் சொல்லும் கருவி

கடந்த பதினைந்து ஆண்டுகளில் மருத்துவ ஆய்வகத்தின் அன்றாடத்தை அதிகம் மாற்றியது மால்டி-டாஃப் என்றே சொல்ல வேண்டும். உலோகத் தட்டில் காலனியைப் பல்குத்தியால் தடவி, மேலே ஒரு வேதிக்கரைசல் விட்டு, காய்ந்ததும் லேசரால் சுடுகிறார்கள். புரதங்கள் மின்னூட்டம் பெற்று வெற்றிடக் குழாயில் பறக்கின்றன. இலேசானவை முதலில், கனமானவை பின்னால். வந்து சேரும் நேரத்திலிருந்து எடை தெரியும். 2,000 முதல் 20,000 டால்டன் வரையிலான சிகரங்களின் கோலம் கிருமியின் கைரேகை. அவற்றில் பெரும்பகுதி ரைபோசோம் புரதங்கள். சில நிமிடங்களில் பெயர் திரையில் வருகிறது, கூடவே நம்பிக்கை மதிப்பெண்ணும். ஒரு நாள் பட்டைக்காகக் காத்திருந்தவர்களுக்கு இது மாயம்போல் இருந்ததில் வியப்பில்லை.

மாயத்துக்கும் எல்லை உண்டு. காலனி வளர்ந்த பிறகே கருவியின் வேலை தொடங்குகிறது. ஈ. கோலையையும் ஷிகெல்லாவையும் அது நம்பகமாகப் பிரிப்பதில்லை. நிமோனியா உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸும் வாயில் சாதுவாக வாழும் மிட்டிஸும் குழம்புவதுண்டு. அங்கே ஆப்டோசின் வில்லையும் பித்த உப்பில் கரைகிறதா என்ற பழைய சோதனையும் இன்றும் கைகொடுக்கின்றன.

உரைகல்லுக்கு வருவோம். மெலியாய்டோசிஸ் கிருமி உயிராயுதமாகப் பயன்படக்கூடும் என்ற அச்சத்தால் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளது. அதன் கைரேகை கருவியோடு வரும் பொதுத் தொகுப்பில் இல்லாமல், தனிப் பாதுகாப்புத் தொகுப்பில் வைக்கப்பட்டிருந்தது. விளைவு: தனித் தொகுப்பு இல்லாத ஆய்வகங்களில் அதற்கு பர்க்கோல்டேரியா தாய்லாந்தென்சிஸ் என்ற பெயர் வந்தது. இந்த உறவினன் 1998இல் தனி இனமாகப் பிரிக்கப்பட்டது. அரபினோஸ் என்ற சர்க்கரையை உண்ணும், மனிதரை அரிதாகவே தாக்கும். ஒரு சர்க்கரையைத் தின்கிறதா இல்லையா என்ற பழைய கேள்வியைக் கேட்டிருந்தாலே பிழை பிடிபட்டிருக்கும். நோயாளிக்கு இது சிறு பிழையன்று. மெலியாய்டோசிஸுக்கு வாரக்கணக்கில் செஃப்டாசிடைமோ மெரோபெனமோ ஊசியாகவும், பின்பு மாதக்கணக்கில் கோ-டிரைமாக்சசோலும் தர வேண்டும். வழக்கமாக முதலில் தொடங்கும் பல மருந்துகள் அதனிடம் பலிப்பதில்லை.

முழுத் தொகுதியைப் படித்த பிறகும்

1995இல் ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயென்சாவின் மரபணுத் தொகுதி முழுமையாகப் படிக்கப்பட்டது. தனித்து வாழும் உயிர் ஒன்றின் முதல் முழு நூல் அது. இப்போது இரண்டு தொகுதிகளைக் கணினியில் அடுக்கி, பொதுப் பகுதிகளின் சராசரி ஒற்றுமையைக் கணக்கிடுகிறார்கள். 95 சதவீதத்துக்கு மேல் என்றால் ஒரே இனம் என்பது இன்றைய நடைமுறை. 2018இல் ஏறக்குறைய 90,000 தொகுதிகளை ஒப்பிட்ட ஆய்வு, 83க்கும் 95க்கும் இடையே மிகச் சில இணைகளே விழுவதாகக் காட்டியது. இனங்கள் இயற்கையிலேயே இடைவெளிவிட்டு நிற்கின்றன என்பதற்கு இதைச் சான்றாகக் கொள்கிறார்கள். படித்த தொகுதிகளில் பெரும்பான்மை நோய்க்கிருமிகளுடையவை என்பதால் இடைவெளி பெரிதாகத் தெரிகிறது என்று மறுப்பவர்களும் உண்டு. மறுப்பில் நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது. மண்ணிலும் கடலிலும் உள்ளவற்றில் பெரும்பகுதி இன்னும் எந்தத் தட்டிலும் முளைக்கவில்லை.

வளராத கிருமிக்குப் பெயர் சூட்டலாமா என்பது இதையொட்டிய பூசல். மரபான விதிப்படி புதிய இனத்தின் மாதிரித் திரிபு உயிரோடு இரண்டு நாடுகளின் சேகரிப்பகங்களில் வைக்கப்பட வேண்டும். 2022இல் வெளியான சீக்கோட் என்ற மாற்று விதித்தொகுப்பு, தரமான மரபணு வரிசையே மாதிரியாக நிற்கலாம் என்கிறது. இரண்டு விதிகளும் இப்போது பக்கம்பக்கமாக இயங்குகின்றன. வரிசை ஒன்றைத் தட்டில் வளர்த்து மருந்துக்கு அடங்குகிறதா என்று பார்க்க முடியாது என்பதால், மருத்துவ ஆய்வகங்கள் இந்தப் பூசலில் பழைய விதியின் பக்கமே சாய்வதாகத் தெரிகிறது.

நிலுவையில் உள்ளவை

மேற்கண்ட முறைகள் ஒவ்வொன்றும் வேறு வேறு பொருளை அளக்கின்றன: சுவர், செரிமானம், சட்டை, புரதம், எழுத்து. ஆனால் பெயர் என்று வரும்போது எல்லாமே ஒரே செயலைச் செய்கின்றன, முன்பே பதிவான ஒன்றோடு ஒப்பிடுகின்றன. பிழைகள் பெரும்பாலும் கருவியில் நேரவில்லை, பதிவேட்டில் நேர்ந்தன. ஏழு இலக்கக் கையேடு, 138 சீரங்கள், பூட்டிவைத்த கைரேகைத் தொகுப்பு எல்லாமே அதற்குச் சாட்சி. நம் மண்ணின் கிருமிகள் அந்தப் பதிவேடுகளில் எவ்வளவு இடம்பெறுகின்றனவோ, அவ்வளவுக்குத்தான் புதிய கருவிகள் இங்கே நம்பகமானவை. எந்த வில்லை, எந்தச் சர்க்கரை என்று கேட்கத் தெரிந்த ஆய்வக ஊழியரை மால்டி-டாஃப் இருக்கும் இடத்திலும் வைத்துக்கொள்வது செலவன்று, காப்பீடு.

இனத்தின் எல்லை எது என்ற மூலக் கேள்வி மட்டும் தீர்ந்தபாடில்லை. ஷிகெல்லா மரபணுக் கணக்கில் ஈ. கோலையின் உள்ளேயே விழுகிறது. வயிற்றுக்கடுப்பு மருத்துவத்தில் குழப்பம் வரக் கூடாது என்பதற்காகவே தனிப்பெயர் நீடிக்கிறது. ரங்கூன் வழக்குக்கும் இதே கதி. 2004இல் இரு கிருமிகளின் தொகுதிகளும் படிக்கப்பட்டன. மெலியாய்டோசிஸ் கிருமிக்குச் சுமார் 72 லட்சம் எழுத்துகள். கிளாண்டர்ஸ் கிருமிக்குச் சுமார் 58 லட்சம். மண்ணில் வாழ்ந்த மூதாதையின் ஒரு கிளை விலங்கின் உடலுக்குள் குடிபுகுந்து, தேவையற்றதை உதிர்த்து, நீந்தும் திறனையும் இழந்ததே கிளாண்டர்ஸ் கிருமி என்று கருதப்படுகிறது. விட்மோரும் கிருஷ்ணசாமியும் கண்ட அந்த அசைவு உண்மையான வேறுபாடுதான். ஆனால் 95 சதவீத விதிப்படி இரண்டும் ஒரே இனம். ஒன்று நெல்வயலில் காலில் ஏறுகிறது, மற்றது குதிரையிலிருந்து தொற்றுகிறது. மருத்துவருக்கும் கால்நடைத் துறைக்கும் இரண்டு பெயர்களும் தேவைப்படுகின்றன. அதிகாரபூர்வப் பட்டியலில் இன்றும் அவை பர்க்கோல்டேரியா சூடோமல்லை, பர்க்கோல்டேரியா மல்லை என்று இரண்டு இனங்களாகவே இருக்கின்றன.